நாள் சம்பளமா, லேபர் கான்ட்ராக்டா, மொத்தமாக விடுவதா? பழைய வீட்டில் கை வைக்கும் முன்

திருச்சி உறையூரில் அப்பா 1984இல் கட்டிய வீடு. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, கூடத்துச் சுவர் இரண்டு வருடமாக ஓதம் காத்துக் கிடந்தது. பெயின்ட் பொரிந்து உதிரும். உள்ளங்கையை வைத்தால் ஈரம் ஒட்டும். அதைச் சரிசெய்ய இரண்டு தடவை ஆள் வைத்தோம். முதல் தடவை பொருளோடு சேர்த்து மொத்தமாக ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டோம். அடுத்த தடவை வேலையைப் பிரித்து, இடிப்பதை நாள் சம்பளத்துக்கும், மீதியை லேபர் கான்ட்ராக்டுக்கும் (பொருள் நம்முடையது, கூலி மட்டும் அளந்து) கொடுத்தோம். இந்த மூன்று விதத்தையும் ஒரே வீட்டில் பார்த்தாயிற்று என்பதால் இதை எழுதுகிறேன்.

புது வீடு கட்டுவதற்குச் சொல்லும் ஆலோசனையைப் பழைய வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புது வீட்டில் எத்தனை சதுர அடி, எத்தனை ஜன்னல் என்று பிளானைப் பார்த்தே கணக்குப் போடலாம். பழைய வீட்டில் தரையை உடைக்கும்வரை அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு மொத்த ரேட் பேசினால் இரண்டில் ஒன்று நடக்கும். கான்ட்ராக்டர் பயந்துகொண்டு ரேட்டை ஏற்றிச் சொல்வார். அல்லது குறைவாகச் சொல்லிவிட்டு, உள்ளே சிக்கல் தெரிந்ததும் அதை மூடிவிடுவார்.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது. எழுதிக் கொடுத்த தாளில் ‘பாத்ரூம் டைல்ஸ், பிளம்பிங் மாற்றித் தருவது, நல்ல தரமான பொருள்’ என்று ஒரே வரிதான் இருந்தது. மேல் டைல்ஸைப் பெயர்த்தார்கள். அடியில் பள்ளத்தை நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி சொதசொதவென்று ஊறிப்போயிருந்ததை அம்மாவே கண்ணால் பார்த்தார். அதை வாரி எடுத்துப் புதிதாக நிரப்புவது கான்ட்ராக்டரின் கணக்கில் இல்லாத செலவு. ஈரத்தின் மேலேயே சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டி நான்கே நாளில் முடித்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் அதே சுவரில் அதே ஓதம். கேட்டபோது, “அது நம்ம ரேட்டுல வராதுங்களே” என்றார். தாளைப் பார்த்தால் அவர் சொன்னதும் உண்மை. ஏமாந்த கோபத்தைவிட, அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கொடுத்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்காக மொத்த கான்ட்ராக்டே கூடாது என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால், நின்று பார்க்க ஆள் இல்லையென்றால் வேறு வழியில்லை. வெளிப்பூச்சு பெயின்ட், கிரில், சமையலறை அலமாரி போல அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும் வேலைக்கு அது சரிதான். ஆனால் ‘நல்ல தரம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு பிராண்டையும் அளவையும் எழுத வையுங்கள். டைல்ஸ் என்றால் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, வயர் என்றால் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர், பெயின்ட் என்றால் பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, மேல் கோட் எத்தனை என்று தாளில் வரவேண்டும். ‘உடைத்த பிறகு தெரியவரும் வேலைக்குத் தனி ரேட், வீட்டுக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த வேலை’ என்ற வரியும் இருக்கட்டும். எங்கள் தாளில் இல்லாமல் போனது இந்த வரிதான்.

நாள் சம்பளத்தைப் பற்றி ஊரில் நல்ல பேர் இல்லை. வேலையை இழுப்பார்கள், டீக்குப் போனால் ஆளைக் காணோம் என்பார்கள். ஓரளவு உண்மைதான். பத்து நாளில் முடியும் பூச்சு வேலை பதினைந்து நாள் ஆகும். ஆனால் கோளாறு எங்கே என்று தேடும் வேலைக்கு இதைவிட நேர்மையான முறை கிடையாது. எத்தனை நாள் ஆனாலும் சம்பளம் உண்டு என்பதால் எதையும் மூடி மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இரண்டாம் தடவை வந்த வயதான பிளம்பர் முதல் நாளே, “தம்பி, உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும், இப்ப என்கிட்ட ரேட்டு கேக்காதீங்க” என்றார். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், அவர், ஆக மூன்று பேர். இரண்டரை நாளில் ஜல்லி முழுவதும் வெளியே வந்தது. தரையில் தண்ணீர் இறங்கும் டிராப்புக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. இத்தனை வருட ஓதமும் அங்கிருந்துதான்.

நாள் சம்பளத்துக்கு ஆள் வைக்கும்போது வீட்டில் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். சாரம் கட்டி ஏறும் வேலையென்றால், வருபவர்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்கு வாரியத்திலிருந்து உதவித்தொகை உண்டு. தினமும் நம் வீட்டுக்குள் வந்து உழைக்கிறவர்களுக்காக இதையாவது கேட்கவேண்டும்.

கோளாறு தெரிந்த பிறகு லேபர் கான்ட்ராக்டுக்கு மாறினோம். பூச்சும் டைல்ஸும் சதுர அடிக்கு இவ்வளவு, கரன்ட்டும் தண்ணீரும் பாயின்ட்டுக்கு இவ்வளவு. பொருள் நம்முடையது. அளந்து கொடுப்பதால் வேலை வேகமாக நகரும். பொருளின் தரமும் நம் கையில் இருக்கும். ஆனால் அந்தப் பொருளைக் கணக்குப் பார்ப்பது நம் பாடு.

எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், வரும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ‘ரெண்டு யூனிட்’ என்று சொல்லி வந்த வண்டியை, கொட்டுவதற்கு முன் டேப் வைத்து அளந்தேன். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் நின்ற உயரம் 3 அடி. 180 கன அடிதான் வந்தது. டிரைவர் முகம் சுளித்தார். ஆனால் கடைக்காரர் பில்லைத் திருத்திக் கொடுத்தார். கொட்டிய பிறகு கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சிமென்ட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடி, உள்பூச்சு 12 மில்லிமீட்டர் கனத்தில் 1:5 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், ஐந்து பங்கு மணல்) பூச ஏறத்தாழ ஒரு மூட்டை போகும். இரண்டு போனால் சுவர் கோணலா, கலவை வீணாகிறதா என்று பார்க்கவேண்டும். சாயங்காலம் மிஞ்சிக் கெட்டியான கலவையில் மறுநாள் தண்ணீர் ஊற்றிக் குழைப்பதைப் பார்த்தால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்; அதில் பிடிப்பு இருக்காது.

லேபர் கான்ட்ராக்டில் விட்டுப்போகும் இன்னொன்று தண்ணீர் ஊற்றுவது. அளந்து பணம் வாங்கும் ஆள் பூசி முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பூச்சை ஏழு நாளாவது நனைக்கவேண்டும். அது யார் வேலை என்று முன்பே பேசாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் காலையும் மாலையும் ஓஸ் பிடித்தார்.

பெரிய இன்டீரியர் கம்பெனிகளிடம் படமும் பில்லும் தேதியும் ஒழுங்காக இருக்கும். மாடுலர் கிச்சனுக்குப் போகலாம். குழாய் கசிவுக்கு அவர்களும் வெளியில் ஒரு சப்-கான்ட்ராக்டரைத்தான் அனுப்புவார்கள்; அதற்கு நாமே நல்ல மேஸ்திரியைத் தேடிக்கொள்ளலாம்.

பணம் கொடுப்பதில் மூன்றுக்கும் வித்தியாசம் உண்டு. நாள் சம்பளக்காரர்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் பட்டுவாடா செய்துவிடவேண்டும். அவர்கள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. லேபர் கான்ட்ராக்டில் அளந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். மொத்த கான்ட்ராக்டில் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பொருள் இறங்கும் முன் பெரிய அட்வான்ஸ் வேண்டாம். எதுவானாலும் ஜிபே, பேங்க் வழியாகவோ கையெழுத்து வாங்கியோ கொடுங்கள். கட்டடத்தில் கோளாறு வந்தால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஐந்து வருட உத்தரவாதம் உண்டே என்று சிலர் நினைக்கிறார்கள். அது பில்டரிடம் வீடு வாங்கியவர்களுக்கு. நாம் வைத்த கான்ட்ராக்டருக்குப் பொருந்தாது. நமக்கு இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும். அங்கே போய் நின்றால் முதலில் கேட்பது அந்தத் தாளையும் ரசீதையும்தான்.

டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டோம். கீழே கூடத்தில் அம்மா நாற்காலி போட்டு ஏறிச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. கடைசி பத்து சதவீதத்தை இரண்டு மாதம் புழங்கிப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசியிருந்தோம். மொட்டை மாடி வேலையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டும்வரை என்று பேசியிருப்பேன். இரண்டு மாதம் முடிந்த அன்று லேபர் கான்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரியை வரச்சொல்லி, சுவரைக் காட்டி, பணத்தைக் கொடுத்தோம்.