கிளெக் சுத்தியல்: சில வருடப் புழக்கத்தில் கண்டது

எங்கள் கல்லூரிக் கால்பந்துத் திடலின் இறுக்கத்தைப் பார்க்க 2.25 கிலோ கிளெக் சுத்தியலைத்தான் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். ஆஸ்திரேலியாவின் பேடன் கிளெக் 1970களில் சாலை அடித்தளத்தைச் சோதிக்க உருவாக்கிய கருவி இது. பிறகுதான் புல்தரைக்கு வந்தது. சுத்தியல் உள்ளே விழும் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சுத்தியலை 45 செ.மீ குறி வரை தூக்கி விட்டுவிட வேண்டும். தரையில் மோதி அது எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்பதை ‘ஜி’ கணக்கில் (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்று) காட்டும். எண் ஏற ஏற, விழுகிற பையனுக்கு அடி பலம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களில் இதே எடைச் சுத்தியலுக்கு 100 ஜி-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

வாங்கியதற்கு உண்மையான பலன் கோல் முன்புறத்தில் கிடைத்தது. புல் தேய்ந்து மண் பளபளவென்று இறுகிப்போன இடம் அது. சித்திரை வெயிலில் அங்கே ‘டொக்’கென்று சத்தம் வரும், எண் 100-ஐத் தாண்டும். ஓரக்கோட்டுப் பக்கம் புல் அடர்ந்த இடத்தில் அதே நாளில் 70-க்குள்தான். முன்பெல்லாம் திடல் முழுக்க ஒரே மாதிரி தண்ணீர் விடுவோம். இப்போது எண்ணைப் பார்த்து, இறுகிய இடத்தில் மட்டும் துளையிட்டு மணல் போட்டு, அங்கேதான் கூடுதலாக நனைக்கிறோம்.

ஈரத்தைக் குறிக்காத அளவீடு வீண். களிமண் கலந்த தரை மழைக்கு மறுநாள் காட்டுவதும் பத்து நாள் காய்ந்தபின் காட்டுவதும் இரண்டு வேறு திடல்கள் போல இருக்கும். அதனால் ஈரமானி இல்லாமல் இதை வாங்க வேண்டாம் என்பேன். அதே புள்ளியில் மறுபடி போட்டால் மண் அமுங்கி எண் ஏறிவிடும். நான் முதல் அடியை மட்டும் எழுதிக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் போகிறேன்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பினால் திரும்பி வரத் தாமதமாகிறது. சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவது நல்லது.

செயற்கைப் புல்லுக்குச் சொல்லும் 200 ஜி வரம்பை இதோடு ஒப்பிடவே கூடாது. அது 9 கிலோ எடையைச் சுமார் 60 செ.மீ உயரத்திலிருந்து போடும் வேறு சோதனை. தடகள ஓடுதளத்துக்கும் இந்தச் சுத்தியல் உதவாது. அங்கே கான்கிரீட்டோடு ஒப்பிட்டு 35 முதல் 50 சதவீதம் வரை அதிர்வு குறைய வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு ஸ்பிரிங் வைத்த 20 கிலோ ‘செயற்கை வீரர்’ கருவி வேண்டும். அதைச் சோதனைக்கூடக்காரர்களிடமே விட்டுவிடலாம்.