காற்றடைத்த கயாக்கும் சதுப்பில் கழித்த இரவுகளும்: நான்கு வருட அனுபவம்

கயாக் என்கிற இந்தச் சிறு துடுப்புப் படகை வாங்கும்போது எனக்கிருந்த ஒரே பயம், முள் குத்திக் காற்று இறங்கிவிடுமோ என்பதுதான். நான்கு வருடத்தில் ஆற்றுச் சதுப்புகளில் இருபது இரவுகளுக்கு மேல் தங்கியாயிற்று. விழுந்தது ஒரே ஒரு ஓட்டை. அதுவும் காரிலிருந்து இறக்கும்போது நானே தரையில் இழுத்துக் கிழித்தது.

படுத்தி எடுத்ததெல்லாம் வேறு. காலையில் கெட்டியாகக் காற்றடித்துக் கரையில் வெயிலில் போட்டால் விம்மிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தொய்ந்துவிடுகிறது. அதனால் மிதக்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இன்னும் கொஞ்சம் அடிப்பேன். கரையேற்றியதும் கொஞ்சம் திறந்துவிடுவேன்.

நேராகப் போவதற்காக அடியில் மாட்டும் ஃபின் என்கிற தகடு பாசியிலும் கோரையிலும் சிக்கிக்கொள்ளும். குறுகிய ஓடைகளில் கழற்றிவிட வேண்டியதுதான். அகன்ற நீர்ப்பரப்பில் அது இல்லையென்றால் கயாக் பம்பரம்தான். நீருக்கு மேலே உயர்ந்து மிதப்பதால் எதிர்க்காற்றில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூடத் தேறாது.

இந்தக் கணக்குத் தப்பியதில்தான் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டேன். வரைபடத்தில் திட்டு என்று போட்டிருந்த இடம் மழைக்குப் பிறகு கணுக்கால் அளவு சேறு. பொழுது சாய்ந்ததும் கொசு கூட்டமாக இறங்கியது. ஒரு மரத்தில் கட்டிவிட்டு, வலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கயாக்கிலேயே உட்கார்ந்தபடி தூங்கினேன். தூங்கினேன் என்பது பேச்சுக்கு. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த அகலமான காற்று இருக்கை இல்லையென்றால் காலையில் முதுகு நிமிர்ந்திருக்காது.

இப்போதெல்லாம் சுமையோடு ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடுவதில்லை. இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இடம் தேடுவேன். நீர் ஏறுகிறதா என்று பார்க்க, படுக்கும் முன் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவைப்பேன். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், ஆற்றின் மேற்பகுதியில் எங்கோ பெய்த மழை நடுராத்திரியில் வந்து சேரும்.

டீட் என்கிற ரசாயனம் கலந்த கொசு விரட்டி தடவிய கையோடு பம்ப்பைப் பிடித்ததில் அதன் பிளாஸ்டிக் பிசுபிசுத்துப் போனது. அப்புறம் பிக்காரிடின் என்கிற வேறு ரசாயனம் கலந்த விரட்டிக்கு மாறிவிட்டேன். தண்ணீர் வடிகட்டி முதல் பயணத்தின் இரண்டாம் நாளே வண்டலால் அடைத்துக்கொண்டது. ராத்திரி பாத்திரத்தில் தெளியவைத்து, மேல்நீரைத் துணியில் ஊற்றி எடுத்த பிறகுதான் வடிகட்டுகிறேன்.

பெரிய குறை என்று கேட்டால் காயவைப்பதுதான். ஒருமுறை அவசரத்தில் ஈரத்தோடு மடித்து வைத்ததில் உள்ளே கருப்புப் பூஞ்சை படர்ந்து, அந்த நாற்றம் போக ஒரு மாதம் ஆனது. மறுபடி வாங்குவேனா என்றால், வண்டி மேலே கட்ட இடமில்லாதவன் நான், வாங்குவேன். போன வாரப் பயணம் முடிந்து மூன்று நாளாக அறை முழுக்க விரித்துப் போட்டிருக்கிறேன். மடிப்புக்குள் கைவிட்டுப் பார்த்தால் இன்னும் ஈரம்.