பழைய மானிட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கிறீர்களா? என் 2,800 ரூபாய் போன கதை

2,800 ரூபாய். ஒரு பழைய 17 இஞ்ச் எல்சிடி மானிட்டருக்கு, ஒரு வேலையும் செய்யாமல், கூசாமல் வாங்கிவிட்டார்கள். கடை பெயர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை.

ஆன் செய்தால் இரண்டு வினாடி படம் வரும், உடனே இருட்டாகிவிடும், பவர் விளக்கு மட்டும் எரியும். கடைக்காரர் செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தார், உள்ளே ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தன. "பாருங்க சார், பேனல் நல்லாருக்கு, பின்னாடி லைட்டுக்குத்தான் கரண்ட் போகல, பவர் போர்டு மாத்தணும்" என்றார். கண்ணெதிரே காட்டிய பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? கோளாறைச் சரியாகவேதான் கண்டுபிடித்தார், அதுதான் இன்னும் வயிறு எரிகிறது!

திரும்ப வாங்கப் போனபோது மானிட்டர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது, பின்பக்கம் நல்ல சூடு. மறுநாள் காலை வீட்டில் ஆன் செய்தால் அதே இருட்டு. போன் செய்தால் உங்கள் வீட்டு வோல்டேஜ் சரியில்லை என்றார்கள், நேரில் போனால் ஓனர் ஊரில் இல்லை, அப்புறம் "பழைய சாமானுக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார்". இப்போது போனையே எடுப்பதில்லை.

டிவி மெக்கானிக்கான என் மச்சான் திறந்து பார்த்தார். அதே போர்டு, பல வருஷத் தூசி கலையாமல் அப்படியே. அதில் மூன்று கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளை பார்ட்டுகள்) தலை பூரி மாதிரி உப்பியிருந்தன. ஒன்று இருபது ரூபாய்கூடப் பெறாது. இப்படிக் கெட்டது குளிர்ந்திருந்தால் மக்கர் செய்யும், சூடானால் கொஞ்ச நேரம் ஓடும் என்றார். சூடேற்றி வைத்துத்தான் என்னிடம் 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

விரிவாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் கேளுங்கள். கடையிலேயே அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள். என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நீங்களே திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், கை வைக்காதீர்கள். பழைய குண்டு மானிட்டர் என்றால் திறக்கவே வேண்டாம், அந்தப் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் அடிக்கும்.