கரைசலா, அரளியா, வேலியா: பன்னேர்கட்டா ஓரத்தில் மானிடமிருந்து பூச்செடியைக் காக்க எது உதவும்?

காலையில் பூஜைக்குப் பூப்பறிக்கப் போன அம்மா வெறும் தட்டோடு திரும்பி வந்தார். ஆறு செம்பருத்திச் செடியிலும் இடுப்பு உயரம் வரை ஒரு மொட்டு இல்லை, ஒரு தளிர் இல்லை. ரோஜாவில் முள்தண்டு மட்டும் நின்றது. பெங்களூருவை ஒட்டிய பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் எல்லை எங்கள் லேஅவுட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 1974-இல் தேசியப் பூங்காவான காடு அது. நாங்கள் குடிவந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அதனால் மான்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பூவும் வேண்டும். மூன்று கோடையாக ஒன்று மாற்றி ஒன்று செய்து பார்த்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன்.

செலவு செய்வதற்கு முன் தின்றது யார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெங்களூருவில் பூ காணாமல் போனால் பாதி நேரம் குரங்குதான் காரணம். குரங்கு மொட்டைக் கிள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடும், கிளையையும் ஒடிக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களை மேல் ஈறோடு அழுத்தி இழுத்துத்தான் தின்னும். அதனால் கடித்த இடம் பிய்ந்து, நார்நாராகத் தொங்கும். பக்கத்து மண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எப்போது வருகிறது என்பதும் முக்கியம். புள்ளிமானின் முதல் விருப்பம் புல்தான். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பிப்ரவரியில் காட்டுப் புல் காய்ந்ததும் இலை, தளிர், உதிர்ந்த பூ என்று தேட ஆரம்பிக்கும். தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த நம் தோட்டம் அப்போது அதற்குப் பெரிய விருந்து. ஆக நமக்குப் பாதுகாப்பு தேவைப்படுவது முக்கியமாக மூன்று, நான்கு மாதங்களுக்கு. ஒவ்வொரு வழியையும் நான் எடை போட்டது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் வாசனை. மானுக்கு மோப்பம் கூர்மை என்பதால் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள், செலவும் குறைவு. முட்டைக் கரைசல் நன்றாகவே வேலை செய்தது: லிட்டர் தண்ணீருக்கு ஒரு முட்டை, அடித்துக் கலக்கி, துணியில் வடிகட்டி (வடிகட்டாவிட்டால் ஸ்ப்ரேயர் அடைத்துக்கொள்ளும்), இரண்டு நாள் வைத்துவிட்டு அடிக்க வேண்டும். அழுகும் புரதத்தின் நாற்றம் மானை விலக்குகிறது. அலங்காரச் செடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. முட்டை அடித்த செடியிலிருந்து சாமிக்குப் பூப்பறிக்க அம்மா சம்மதிக்கவே இல்லை, அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. பிறகு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலுக்கும் வேப்பெண்ணெய்க்கும் மாறினோம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல், அதையும் சாயங்காலம் மட்டுமே. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

இரண்டு கரைசலுக்கும் குறை ஒன்றுதான்: நிற்காது. வேப்பெண்ணெயின் வீரியம் வெயிலில் சில நாளில் போய்விடும். ஏப்ரல், மே மாத இடிமழை ஒன்று வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போகும். அடித்த பிறகு விடுகிற தளிரில் மருந்தே இருக்காது, மான் தேடி வருவதோ அந்தத் தளிரைத்தான். வாரம் ஒருமுறை தவறாமல் அடிக்க முடிந்தால் செய்யுங்கள். நாங்கள் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் சேலம் போய்விட்டு வந்தோம், அதுவரை காத்த செம்பருத்தி அத்தனையும் போயிருந்தது.

மான் தொடாத செடியாகவே வைத்துவிட்டால் என்ன? எல்லாவற்றிலும் மலிவான வழி இது. அரளியை மான் தின்று நான் பார்த்ததில்லை, அதன் பால் கடும் விஷம். நித்தியகல்யாணியும் அப்படியே கசப்பு. துளசி, மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி மாதிரி வாசனை தூக்கலான செடிகளையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. துலுக்கச் சாமந்தியை நம்ப முடியாது: முதல் வருடம் தொடவில்லை, இரண்டாம் வருடம் பாதி காலி. அரளியும் நித்தியகல்யாணியும் பூஜைக்கும் ஆகும் என்பதால் அம்மாவுக்குப் பாதி சமாதானம். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அரளியை யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

ஒரு செடியை மட்டும் வைக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மான் தொடாத உயிர்வேலி என்று சிலர் உண்ணிச்செடியை (லாண்டானா) சிபாரிசு செய்கிறார்கள். மான் பெரும்பாலும் தொடாது என்பது உண்மை. வெளியிலிருந்து வந்த அந்தச் செடிதான் கர்நாடகக் காடுகளில் புதராகப் பரவி, மான் மேய வேண்டிய புல்லை முளைக்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோகும். காட்டோரத்தில் அதை நடுவது மானை நாமே வெளியே அனுப்புகிற வேலை.

நாய் வளர்த்தால் மான் வராது என்பார்கள். கட்டிப்போட்ட நாயின் கயிறு எவ்வளவு தூரம் வரும் என்பதை மான் சீக்கிரமே தெரிந்துகொள்ளும். அவிழ்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். துரத்தப்பட்ட மான், உடம்பில் காயமே இல்லாவிட்டாலும், அதிர்ச்சியில் தசைகள் கெட்டு அப்புறம் செத்துப்போகலாம். பன்னேர்கட்டா பக்கத்தில் சிறுத்தையும் உண்டு, அதற்கு நாய் பிடித்த இரை. மானுக்காக வைத்த நாய் சிறுத்தையை வாசலுக்கு அழைத்து வரக்கூடாது. ஆள் நடமாட்டம் பட்டால் எரியும் விளக்குக்கு மான் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. தண்ணீர் பீய்ச்சும் கருவி நல்ல யோசனைதான். ஆனால் அது தேவைப்படுவது போர்வெல் வற்றும் மாதத்தில். 2024 கோடையில் டேங்கருக்குக் காத்திருந்த ஊரில் மானுக்குத் தண்ணீர் அடிக்க எனக்குக் கை வராது. கண்ணி, விஷம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவதும் குற்றம், அதில் மனிதரும் செத்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது வேலி. இதில்தான் நான் அதிகம் தப்புச் செய்தேன், அதிகம் கற்றதும் இதில்தான். இணையத்தில் எங்கே தேடினாலும் எட்டடி உயரம் வேண்டும் என்று வரும். அது அமெரிக்காவின் வெள்ளைவால் மானை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு. எங்கள் சைட் நாற்பதுக்கு அறுபது. சுற்றளவு 200 அடி. அத்தனை அடிக்கும் எட்டடி உயரக் கம்பி வலை என்றபோது மலைப்பாக இருந்தது. கடைசியில் ஆறடியில் போட்டோம். மூன்றாம் நாளே மான் உள்ளே நின்றது.

எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் தேன்கனிக்கோட்டைக்காரர், காட்டோரத்திலேயே வளர்ந்தவர். வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அக்கா, மேல பாக்காதீங்க, கீழ பாருங்க. புள்ளிமான் தாண்டுறத விட நுழையத்தான் பாக்கும்" என்றார். வலைக்கும் மண்ணுக்கும் நடுவே முக்கால் அடி இடைவெளி, அதில் ஒட்டிய செம்பழுப்பு மயிர். அவர் சொன்னதுதான் சரி. புள்ளிமானால் ஐந்தடி வேலியைத் தாராளமாகத் தாண்ட முடியும், ஆனாலும் அடியில் வழி இருந்தால் குனிந்து நுழைவதையே விரும்பும்.

அடிப்பக்கத்தை இரண்டு விதமாக அடைக்கலாம். வலையை அரை அடி மண்ணுக்குள் புதைக்கலாம். இல்லையென்றால் வலையின் கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக ஓரடி மடித்துத் தரையில் படுக்கவைத்து, இரண்டடிக்கு ஒரு இரும்பு முளை அடிக்கலாம். எங்கள் இடம் பாறை என்பதால் இரண்டாவதைச் செய்தோம். அப்புறம் கீழ் நான்கடிக்குப் பச்சை ஷேட் நெட்டை இறுக்கிக் கட்டினோம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குத் தாண்டிக் குதிக்க மான் தயங்கும். ஊரில் பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிப் பழைய புடவை கட்டுவார்களே, அதில் பாதி இந்தக் கணக்குதான். வேலி போட வசதியில்லாதவர்கள் புடவையைத் தாராளமாகக் கட்டலாம். இரண்டு, மூன்று வாரம் நிற்கும், இடம் மாற்றிக் கட்டினால் இன்னும் கொஞ்ச நாள். தொளதொளவென்று தொங்கும் நைலான் வலையை மட்டும் எங்கேயும் கட்டாதீர்கள். ஆண்மானின் கொம்பு அதில் சிக்கினால் அது திமிறித் திமிறியே உயிரை விடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் நாலைந்து செடி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் சுற்றுவேலி தேவையே இல்லை. செடிக்குச் செடி வெல்டுமெஷ் கூண்டு போதும். நாலடி உயரம், செடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. நெருக்கமாக வைத்தால் கம்பி வழியாக மூக்கை நீட்டித் தின்னும். உங்கள் பக்கம் கடமான் வருமென்றால் நாலடி போதாது, அது மிக உயரம். கூண்டு பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்று எங்கள் வீட்டில் இருப்பது இதுதான்: ரோஜாவும் செம்பருத்தியும் அடி அடைத்த ஆறடி வேலிக்குள், அரளியும் நித்தியகல்யாணியும் வெளியே. கரைசல் புதுத்தளிர் விடும் மார்ச்சில் மட்டும், அதுவும் வேலியோரச் செடிகளுக்கு. இவ்வளவுக்குப் பிறகும் போன பிப்ரவரியில் ஒருநாள் ஒரு பெட்டைமான் உள்ளே வந்துவிட்டது. வேலியில் எந்தக் குறையும் இல்லை. கேட்டுக்கு அடியில், கார் ஏற வசதியாக விட்டிருந்த ஒரு சாண் சந்து, மழையில் மண் அரித்து இரண்டு சாண் ஆகியிருந்தது. இப்போது அங்கே பழைய ரப்பர் பட்டை ஒன்றை போல்ட் போட்டுத் தரையைத் தொடுமாறு தொங்கவிட்டிருக்கிறோம். ஜனவரி கடைசியில் உட்கார்ந்து பார்க்கிற முதல் இடம் அதுதான்.