ஊருக்குப் போனபோது வெளிவிளக்கு போட்ட அனுபவம்

இந்த லீவில் ஊருக்குப் போனதே வீட்டுக்கு வெளியே விளக்குப் போடத்தான் என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு இப்போது இருட்டில் படி சரியாகத் தெரிவதில்லை. சுவரைத் தடவித் தடவித்தான் இறங்குகிறார்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் நல்ல வெயிலில் வந்தார். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நாலு மூலைக்கும் ஐம்பது வாட் ஃபிளட் லைட் போட்டுடலாம் சார், பகல் மாதிரி இருக்கும்" என்றார். யார், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு நடப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு வேறொரு தம்பியைப் பிடித்தேன். ஒரே நிபந்தனை: இருட்டிய பிறகுதான் வரவேண்டும்.

எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அப்பாவை முன்னால் விட்டு, டார்ச்சோடு மூவரும் கேட்டிலிருந்து பின்பக்கம் வரை நடந்தோம். எங்கே விளக்கு வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. கேட்டில் பூட்டுத் துவாரம் தெரியவில்லை. வாசலில் கடைசிப் படியின் விளிம்பு தரையோடு கலந்துவிடுகிறது. பக்கவாட்டுச் சந்தில் பைப் ஒன்று காலை இடறுகிறது. தம்பி டார்ச்சை உயரத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியதும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். வயதான கண்ணுக்குக் கூசும் வெளிச்சம் இருட்டைவிட மோசம். அதனால் மேலே பெரிய விளக்கு வேண்டாம், படியோரம் முழங்கால் உயரத்தில் கீழ்நோக்கிய சின்ன விளக்குகள் போதும் என்று முடிவானது. கேட் விளக்கையும் வருகிறவரின் முகத்தில் விழும்படி வைத்தோம். முதுகுப்பக்கம் எரிந்தால் நிற்பது யாரென்று உள்ளேயிருந்து தெரியாது.

கடையில் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் வாட் கணக்கைத் தாண்டி யாரும் பேசுவதில்லை. பெட்டியைத் திருப்பி லூமனையும் (வெளிச்சத்தின் அளவு) கெல்வினையும் (வெளிச்சத்தின் நிறம்) நாமேதான் படிக்கவேண்டும். எடுத்துக் காட்டியதெல்லாம் நீலம் பாய்ந்த 6500 கெல்வின். 3000 கேட்டதும் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்கள். மஞ்சள் சாயல் கண்ணுக்கு இதம், பூச்சியும் குறைவாக வரும். "எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், ஐபி எண்ணைப் பாருங்கள். அதில் முதல் இலக்கம் தூசியை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சன்ஷேடுக்கு அடியில் ஐபி44 தாங்கும். மழை நேராக அடிக்கிற இடத்துக்கு ஐபி65 வாங்கினேன்.

போனிலிருந்து இயக்குகிற விளக்கைக் கடைக்காரர் ரொம்பவே சிபாரிசு செய்தார். வெளிநாட்டிலிருந்தே போட்டு அணைக்கலாமாம்! நெட் போனால் ஊரில் அப்பா யாரைக் கூப்பிடுவார்? சாதா சுவிட்சும், பல்பைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ஃபிட்டிங்கும்தான் எடுத்தேன். எல்இடி உள்ளேயே பொருத்தி வருவது போய்விட்டால் மொத்தத்தையும் மாற்றவேண்டும், அதே மாடல் மறுபடி கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

தம்பியின் கைவேலையைச் சொல்லியே ஆகவேண்டும். ஒயரை விளக்குக்குள் கொடுக்கும் முன் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி, அடிப்பக்கத் துளை வழியாகவே நுழைத்தார். மழைத் தண்ணீர் ஒயரோடு வழிந்து வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நான் கேட்காமலே வெளி விளக்குகளுக்குத் தனி லைனும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) வைத்தார். வெளியே எங்காவது ஈரத்தில் கசிந்து ட்ரிப் ஆனாலும் வீட்டுக்குள் கரண்ட் போகாது.

ஆள் நடமாட்டம் கண்டால் விளக்கை எரியவிடுகிற சென்சார் ஒன்றும் மாட்டினோம், அது மட்டும் ஒரே நாளில் சரிவரவில்லை. தெருவைப் பார்த்து மாட்டியதால் போகிற வண்டிக்கெல்லாம் எரிந்தது. நேராக வருகிற ஆளைவிடக் குறுக்கே கடக்கிற ஆளைத்தான் அது சட்டென்று பிடிக்கும். எனவே நடைபாதைக்குப் பக்கவாட்டில், தெரு கண்ணில் படாதபடி மாற்றச் சொன்னேன்.

குறை என்றால் நேரம்தான். "நாளைக்குக் காலையில" என்பதை மறுநாள் சாயங்காலம் என்று எடுத்துக்கொள்ளவேண்டும். உடைத்த சுவரைப் பூசுவது தங்கள் வேலை இல்லை என்பார்கள், அதற்குக் கொத்தனாரைத் தனியாகப் பிடித்தேன். மீதிப் பணத்தை, இருட்டியபின் எல்லாவற்றையும் எரியவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலில் வெளிச்சம் அடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். மோட்டார் பக்கம் ஒயருக்கான பைப் மட்டும் பதித்திருக்கிறது, ஒயர் இழுப்பது அடுத்த லீவுக்கு.