பெற்றோல் முள்ளு பொய் சொன்னால்: கழுவுவதா, பஞ்சிகாவத்தைக்குப் போவதா?

அரை டாங்க் என்று முள்ளு காட்டிக்கொண்டிருக்கும்போதே என் 1991 கொரோலா பம்பலப்பிட்டியில், காலி வீதி நடுவே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "டாங்க் யூனிட்டை மாத்திருவம் அண்ணா" என்றார் கராஜ் பாஸ், காருக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல். டாங்குக்குள் மிதவை ஏறி இறங்க, அதன் கை ஒரு சுருள் கம்பி மேல் நகர்ந்து பெற்றோல் அளவை முள்ளுக்குச் சொல்லும்; அதுதான் இந்த யூனிட்.

மாற்றுவதா இல்லையா என்பதை ஒரு துண்டு வயர் சொல்லிவிடும். என் காரில் பின் சீற்றைத் தூக்கினால் யூனிட்டின் மூடி தெரியும். அதற்கு வரும் வயரைக் கழற்றி, அதன் முனையை ஒரு துண்டு வயரால் காரின் பொடி இரும்பில் எர்த் கொடுத்துவிட்டு, அதன் பிறகே சாவியைப் போட வேண்டும். சாவி போட்ட பின் தொட்டால் பொறி பறக்கும்; கீழே இருப்பது பெற்றோல். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் அப்போது முள்ளு மெதுவாக எஃப் வரை ஏறும். ஏறினால் மீற்றரும் வயரும் சரி. உடனே சாவியை நிறுத்திவிடுங்கள். கோளாறு யூனிட்டில், அல்லது துருப்பிடித்த எர்த்தில். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள்ளும் சேர்ந்து தாறுமாறாகக் காட்டினால் டாங்க் பக்கமே போகாதீர்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் மீற்றர்களுக்கு 10 வோல்ட் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். சந்தேகம் அதன் மேல்தான்.

என் யூனிட்டைக் கழற்றியபோது மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினேன். சளக் சளக். உள்ளே பெற்றோல் புகுந்தால் மிதவை கீழேயே கிடக்கும், முள்ளு எப்போதும் குறைவாகக் காட்டும். இது வேறு கதை என்று தோன்றியது, ஏனென்றால் என் முள்ளு நின்றது அரையில். அப்புறம்தான் பார்த்தேன், சுருள் கம்பியில் நடு இடம் மட்டும் கறுத்துப்போய், கை அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது. ஆக, நோய் இரண்டு.

கொன்டக்ட் கிளீனரும் மெல்லிய தூரிகையும் இருந்தால் கறுப்பு போய்விடும். செலவு அற்பம். ஆனால் கம்பி அறுந்திருந்தால் கழுவிப் பயனில்லை. கையை வளைத்துச் சரிக்கட்டும் பாஸ்மாரும் உண்டு. காலி டாங்கில் சரியாகக் காட்டும், நிரம்பியதும் முக்காலில் நிற்கும்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் பழைய அசல் யூனிட் கிடைக்கும். என் முதல் தெரிவு கழுவுவது, இரண்டாவது இதுதான். ஆனால் அதுவும் உங்கள் காரின் வயதுதான். மின்தடையை அளக்கும் ஓம் மீற்றரைக் கூடவே கொண்டுபோய், கடை மேசையிலேயே யூனிட்டின் கையை மெல்ல மேலே கீழே நகர்த்திப் பாருங்கள். எண் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது குதித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிய அசலல்லாத யூனிட் பளபளக்கும், ஆனால் எனக்கு நம்பிக்கையில்லை. கை நீளம் கொஞ்சம் மாறினாலும் கணக்குத் தப்பும். சில ஐரோப்பிய யூனிட்கள் காலியில் 10 ஓம், நிரம்பினால் 180. ஜப்பான் கார்கள் பல இதற்கு நேர்மாறு. தெரியாமல் பொருத்தினால் பெற்றோல் குறையக் குறைய முள்ளு ஏறும்!

ஒன்றுமே செய்யாமல், ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீற்றரை நம்பி ஓடுவோரும் உண்டு. 2022இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். யாருக்கும் முள்ளு தேவைப்படவில்லை, டாங்கில் இருப்பது துளி துளியாகத் தெரியும். இப்போது அந்தக் கணக்கு மாலை ஐந்தரைக்கு, ஏசி போட்டபடி வெள்ளவத்தையைத் தாண்டும்போதே கலைந்துவிடும். பம்ப் டாங்குக்குள் இருக்கும் கார் என்றால் இந்த விளையாட்டே வேண்டாம். பெற்றோல்தான் அந்தப் பம்பைக் குளிர வைக்கிறது.

நான் சுருளைக் கழுவி, மிதவையை மட்டும் பஞ்சிகாவத்தையில் மாற்றினேன். ஷெட்டில் முழுக்க அடித்தாலும் முள்ளு எஃப்புக்கு ஒரு நூல் கீழேதான் நிற்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.