முழுப் பணமும் கட்டிய பிறகு விடுதியில் நீட்டப்பட்ட இரண்டாவது பில்: விடுமுறைத் தொகுப்பை இணையத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி வாங்கிய ஒரு விடுமுறைத் தொகுப்புக்கு, விடுதியை விட்டுக் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அது சில்லறைத் தொகை அன்று; தொகுப்பின் மொத்த விலையில் நான்கில் ஒரு பங்கு. அதைத் திரும்பப் பெற நான் செய்த முயற்சிகளுக்கு எல்லாம் பதிலாக, ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்ற மின்னஞ்சல் இன்று காலை வந்தது. எதுவும் தீர்க்கப்படவில்லை. ஆனால் அதே விளம்பரம், அதே விலையோடு, இந்த நிமிடமும் அந்தத் தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் அதை அழுத்துவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விமானச் சீட்டு, விடுதி அறை, விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்லும் வண்டி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் விற்கும் பயணப் பதிவுத் தளங்களில் அதுவும் ஒன்று. விலைக்குக் கீழே ‘வரிகளும் கட்டணங்களும் உட்பட’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை மட்டும் நம்பி நான் பணம் கட்டவில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, விடுதிக்குப் போன பிறகு நாங்கள் ஏதாவது கட்ட வேண்டியிருக்குமா என்று நேராகவே கேட்டேன். எதிர்முனையில் பேசிய பெண் அவசரப்படவில்லை. என்னைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எங்கள் தொகுப்பின் விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். பிறகு, “நீங்க அடையாள அட்டையைக் காட்டினா போதும், அங்கே வேற எதுவும் கட்ட வேண்டியது இல்லை” என்று சொன்னார். அந்த நிதானமான குரலை நம்பித்தான் அழைப்பை முடித்த கையோடு முழுத் தொகையையும் செலுத்தினேன். செலுத்திய சில நிமிடங்களில் வவுச்சர் வந்தது. அதன் முதல் பக்கத்தில், ‘முழுத் தொகை பெறப்பட்டது, விடுதியில் செலுத்த வேண்டியது: இல்லை’ என்று அச்சாகியிருந்தது. இதற்கு மேல் ஒருவர் என்ன உறுதியைக் கேட்க முடியும்?

விடுதிக்குள் நுழைந்தபோது எல்லாம் இனிமையாகவே நடந்தது. வவுச்சரை வாங்கிப் பார்த்தார்கள், அடையாள அட்டைகளைப் படியெடுத்தார்கள், அறைக்கு ஏதேனும் சேதம் நேர்ந்தால் மட்டுமே பயன்படும் என்று சொல்லி என் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்தார்கள். விடுதிகள் இப்படிச் செய்வது வழக்கம் என்பதும், கிளம்பும்போது அந்தத் தொகை விடுவிக்கப்படும் என்பதும் பயணம் செய்கிற எல்லாரும் அறிந்ததே. கூடுதல் கட்டணத்தைப் பற்றி அப்போது ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றே சொல்லியிருந்தால் தளத்தை அழைத்துக் கேட்கவும், வேறு இடம் பார்க்கவும் எங்களுக்கு நேரம் இருந்திருக்கும்.

கிளம்பும் நாள் விடியற்காலையில், வண்டி வாசலில் நிற்க, பெட்டிகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பில்லை நீட்டினார்கள். முதல் வரியில் ரிசார்ட் கட்டணம், அறை ஒன்றுக்கு இரவுக் கணக்கில். அடுத்து உள்ளூர்ச் சுற்றுலா வரி, ஆள் கணக்கில். அதற்கும் கீழே, பதிவின்போதே பெயரும் வயதும் கொடுத்துச் சேர்த்திருந்த குழந்தைக்குக் கூடுதல் படுக்கைக் கட்டணம். ரிசார்ட் கட்டணம் எதற்கு என்று கேட்டபோது, இணைய இணைப்பு, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் ஆகியவற்றுக்கு என்றார் வரவேற்பு மேசையில் இருந்தவர். நாங்கள் தங்கியிருந்த நாள்கள் முழுவதும் அந்த நீச்சல் குளம் தண்ணீர் வடிக்கப்பட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, பராமரிப்புப் பணி என்று பலகை வைத்து மூடப்பட்டிருந்தது. அந்தக் குளத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பில்.

வவுச்சரின் முதல் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. தாள்களைப் புரட்டி, கடைசிப் பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். ‘சில கட்டாயக் கட்டணங்களை விடுதி நேரடியாக வசூலிக்கக்கூடும்’ என்று அதில் இருந்தது. எவ்வளவு என்றோ, எதற்கு என்றோ அதில் இல்லை. பணம் கட்டிய பிறகு அனுப்பப்படும் ஒரு தாளில், அதுவும் முதல் பக்கத்தில் சொன்னதை மறுக்கும் வகையில் எழுதப்பட்ட வரி அது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரவேற்பு மேசைக்காரருக்குத் தேடாமலேயே தெரிந்திருந்தது. எங்களுக்கு முன் எத்தனை பேரிடம் அந்த விரல் அந்த வரிக்குப் போயிருக்க வேண்டும்! கட்ட மறுத்தால் பிடித்து வைத்திருக்கும் தொகையிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்றார். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தொகுப்பு விலையில் நான்கில் ஒரு பங்கை அங்கேயே நின்று கட்டினோம்.

அதன் பிறகு நடந்தது வெறும் தட்டிக்கழிப்பு. தளத்தைக் கேட்டால், அது விடுதி வசூலித்த பணம், விடுதியைக் கேளுங்கள் என்கிறார்கள். விடுதியைக் கேட்டால், உங்களிடம் விற்றது அந்தத் தளம், விலையைப் பற்றி அவர்களிடம்தான் பேச வேண்டும் என்கிறார்கள். தொலைபேசியில் என்னிடம் உறுதி சொன்ன உரையாடலின் பதிவைக் கேட்டேன். பயிற்சிக்காக மட்டுமே அழைப்புகளைப் பதிவு செய்கிறோம், வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று பதில் வந்தது. அரட்டைப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் வந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கடைசியாக ஒருவர், அடுத்த பயணத்தில் பயன்படுத்திக்கொள்ள ஒரு தள்ளுபடிக் குறியீடு தருவதாகச் சொன்னார். என் பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக, அதே தளத்தில் இன்னொரு முறை செலவு செய்யச் சொல்லும் இந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. ஏற்காததால்தான் புகார் முடித்துவைக்கப்பட்டது.

கட்டணத்தைத் தனியாக வாங்குவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான் என்று தளத்தினர் சொன்னதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண நெறிமுறை, 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வரிகளையும் கூடுதல் கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையை ஒப்பந்தத்துக்கு முன்பே பயணியிடம் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிக்காத கூடுதல் கட்டணத்தைப் பயணி ஏற்க வேண்டியதில்லை. தங்கும் விடுதிகளின் விளம்பர விலையில் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2025 மே 12 முதல் அமலில் இருக்கிறது. பிரிட்டனிலும் 2025 ஏப்ரலில் அதுபோன்ற விதி வந்துவிட்டது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் பின்னர் சொட்டுச் சொட்டாகக் கட்டணம் சேர்ப்பதை, இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இணையத் தளங்களுக்குத் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று முறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. எங்கும் ஏற்கப்பட்ட வழக்கம் என்றால் இத்தனை நாடுகள் இதற்குச் சட்டம் போட்டிருக்க வேண்டியதில்லை.

சுற்றுலா வரி அரசுக்குப் போகும் பணம், அதைக் கட்ட எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஒளிந்திருக்கும் செய்தியும் அன்று. ஆம்ஸ்டர்டாம் நகரம் 2024 முதல் அறை வாடகையில் 12.5 விழுக்காட்டைச் சுற்றுலா வரியாக வாங்குகிறது என்பது எவரும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. நாங்கள் போன ஊரின் வரியும் அப்படி வெளிப்படையானதுதான். நாள்தோறும் அந்த ஊருக்கு அறை விற்கும் தளத்துக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ரிசார்ட் கட்டணம் அதைவிட மோசமானது. அறை வாடகையில் தளத்துக்குத் தரகு போகிறது. தனியாக வாங்கும் கட்டணத்தில் பெரும்பாலும் போவதில்லை. ஆகவே வாடகையைக் குறைத்துக் காட்டி, மீதியைக் கட்டணமாக வாங்குவது விடுதிக்கு லாபம். விலை குறைவாகத் தெரியும் விடுதி தேடல் பட்டியலில் மேலே வருவதால் விற்பனை கூடுகிறது, அது தளத்துக்கு லாபம். இரு தரப்புக்கும் ஆதாயம் இருக்கும்போது, இருவரும் மற்றவரைக் கைகாட்டுவதில் வியப்பில்லை. அந்த ஆதாயத்துக்கான பணம் என் குடும்பம் சேர்த்து வைத்தது.

இனிப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு, சுருக்கமாகச் சில. தளத்தின் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கே மின்னஞ்சல் அனுப்பி, ரிசார்ட் கட்டணம், வரி, குழந்தைக்கான படுக்கை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். விலை காட்டும் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே படமெடுத்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கம் அப்படியே இருக்காது. பில்லைக் கிளம்புவதற்கு முந்தைய மாலையே கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டாமல் வர முடியாது என்ற நிலை வந்தால், பில்லின் மீது ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதன் படியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் மறுப்பு எழுப்பும் வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. வெளிநாட்டில் கார்டு இயந்திரம் எந்த நாட்டுப் பணத்தில் என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்திலும் ஒரு பகுதி போய்விடும்.

நான் வங்கியில் மறுப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். வவுச்சரின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பில், மூடிக் கிடந்த நீச்சல் குளத்தின் படம் ஆகிய நான்கையும் இணைத்து நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை இன்று இரவே அனுப்புகிறேன். தொகுப்பு விலையில் நான்கில் ஒரு பங்கு திரும்பி வரும்வரை நான் இதை விடப் போவதில்லை. இதே போன்ற தொகுப்பில் இதே போல் பணம் இழந்தவர்கள் தங்கள் பில்லைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, அவரவர் பெயரில் புகார் கொடுங்கள்.